துணைவரின் வேலைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் நெருங்கினால் நாளிதழ்களின் உயர்கல்விப் பக்கங்களில் வெளிநாட்டுக் கல்லூரி அட்டவணைகள் வரத் தொடங்கிவிடும். தரவரிசை, கட்டணம், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வு மதிப்பெண், படித்து முடித்ததும் கிடைக்கும் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் எம்.பி.ஏ., சட்ட மேற்படிப்பு, மருத்துவ மேற்பயிற்சி போன்றவற்றுக்குப் போகிறவர்களில் பலர் திருமணமானவர்கள். துணைவரும் ஒரு வேலையில் காலூன்றியிருப்பார். அவர்களுக்கு முதலில் தெரிய வேண்டிய செய்தி எந்த அட்டவணையிலும் இல்லை. கூட வருகிறவர் அந்த நாட்டில் வேலை பார்க்கலாமா, கூடாதா?

மேற்படிப்பு விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். பெரும்பாலான குடும்பங்களில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் கல்லூரி, பிறகு சேர்க்கைக் கடிதம், பிறகு திரும்பக் கிடைக்காத முன்பணம். அதற்கும் பிறகுதான் துணைவரின் விசா என்ன சொல்கிறது என்று பார்க்கிறார்கள். அப்போது தேர்ந்தெடுக்க எதுவும் மிச்சமிருக்காது, விட்டுக்கொடுப்பதுதான் மிச்சம். அப்படி விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். மாணவருக்கு எஃப்-1 விசா, துணைவருக்கு எஃப்-2. எஃப்-2 விசாவில் எந்த வேலைக்கும் அனுமதி இல்லை. பகுதிநேரமாகப் படிக்கலாம், அவ்வளவுதான். எம்.பி.ஏ. என்றால் 2 ஆண்டு, ஜே.டி. சட்டப் படிப்பு என்றால் 3 ஆண்டு இப்படியே போகும். படிப்பு முடிந்து மாணவர் ஓ.பி.டி. என்னும் தற்காலிக வேலை அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கும்போதும், அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த ஸ்டெம் வகைப் படிப்பாக இருந்து மேலும் 24 மாதம் நீட்டிப்பு கிடைத்தாலும், துணைவர் எஃப்-2 விசாவிலேயே இருப்பார். பிறகு மாணவருக்கு எச்-1பி வேலை விசா கிடைத்தால் துணைவர் எச்-4க்கு மாறுவார். எச்-4 காரர்களுக்கு 2015 மே 26 முதல் வேலை அனுமதி உண்டு என்பது உண்மை. ஆனால் எச்-1பி வைத்திருப்பவரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் 6 ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பு பெற்றிருக்க வேண்டும். '2 வருடம்தானே, பார்த்துக்கொள்ளலாம்' என்று புறப்பட்டவரின் வேலை இடைவெளி 5, 6 வருடமாக நீள்வது இந்த வழியில்தான்.

இங்கே உள்ள நிறுவனத்துக்கே அங்கிருந்து இணையவழியில் வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நம்பிப் போகிறார்கள். எஃப்-2 விசாவில் இது பாதுகாப்பான வழி அல்ல. அமெரிக்க மண்ணில் உட்கார்ந்து செய்த வேலைக்கான ஊதியம், சம்பளம் எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும், அமெரிக்காவில் ஈட்டிய வருமானமாகவே வரிச் சட்டத்தில் பார்க்கப்படும். நிறுவனங்களும் தரவுப் பாதுகாப்பு, வேறொரு நாட்டில் தங்களுக்கு வரிப் பொறுப்பு வந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவற்றால் மறுத்துவிடுகின்றன. மேலாளர் வாய்மொழியாகத் தலையாட்டியதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மனிதவளத் துறையிடமிருந்து, நாட்டின் பெயரும் விசாவின் வகையும் குறிப்பிட்டு, எழுத்தில் வாங்க வேண்டும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆராய்ச்சிப் பட்டம் படிப்பவர்களும் அரசின் முழு உதவித்தொகையில் படிப்பவர்களும் மட்டுமே துணைவரை உடன் அழைத்துச் செல்லலாம். எம்.பி.ஏ., எல்.எல்.எம். மாணவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவிலும், ஏற்கெனவே மாணவரின் துணைவராக அங்கே இருந்தவரையே சேர்க்க முடியும். ஆகவே 12 மாதப் பிரிவு என்று கணக்கிட்டவர்கள், மாணவர் ஸ்கில்டு ஒர்க்கர் என்னும் வேலை விசாவுக்கு மாறும்வரை பிரிவு நீளலாம் என்று கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இந்த கிராஜுவேட் விசா 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கனடாவில் எல்லாம் படிப்பின் நீளத்தைப் பொறுத்தது. 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுகலைப் படிப்பு, முனைவர் பட்டம், மருத்துவம், பல் மருத்துவம், சட்டம், செவிலியம், பொறியியல் போன்ற குறிப்பிட்ட தொழிற்படிப்புகள் ஆகியவற்றில் சேர்ந்தவரின் துணைவருக்கே எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கும் திறந்த அனுமதி கிடைக்கும். செலவு குறைவு, சீக்கிரம் முடியும் என்று 12 மாத எம்.பி.ஏ.வைத் தேர்ந்தெடுப்பவர், துணைவரின் ஓராண்டுச் சம்பளத்தை அந்தச் செலவோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். பல நேரம் 20 மாதப் படிப்பே மலிவாக முடியும்.

ஆஸ்திரேலியாவில் முதுகலை மாணவரின் துணைவர், படிப்பு தொடங்கிய பிறகு மணிக்கணக்கு வரம்பில்லாமல் வேலை பார்க்கலாம். மற்ற படிப்புகளுக்கு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான். அங்கே நேரும் தவறு ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. 'நான் முதலில் போகிறேன், நீ பிறகு வா' என்று முடிவெடுத்தவர்கள், மாணவரின் விசா விண்ணப்பத்தில் துணைவரின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். உடன் பயணம் செய்யாவிட்டாலும் பெயரைத் தெரிவித்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பின்னால் அழைத்துக்கொள்வது சிக்கலாகிவிடும். ஜெர்மனியில் குடும்ப இணைவு அனுமதியில் வந்த துணைவர் வேலை பார்க்கலாம். மொழி தெரியாமல் வேலை கிடைப்பதுதான் கடினம். சிங்கப்பூரில் டிபென்டென்ட் பாஸ் என்பது வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கு உரியது, மாணவரின் குடும்பத்துக்கு அல்ல. அந்தப் பாஸ் இருந்தாலும் 2021 மே 1 முதல் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு வழியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் விண்ணப்பிக்கும் தம்பதிகளில் மிகச் சிலரே அதை யோசிக்கிறார்கள். யார் முதன்மை விசாக்காரர், யார் துணைவர் என்பதைத் திருப்பிப் போடலாம். துணைவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் கிளை உண்டு, கடந்த 3 ஆண்டுகளில் தொடர்ந்து 1 ஆண்டாவது அவர் அந்த நிறுவனத்தில் அமெரிக்காவுக்கு வெளியே பணியாற்றியிருக்கிறார், மேலாளர் பொறுப்பில் இருக்கிறார் அல்லது அந்த நிறுவனத்துக்கே உரிய தனித் திறன் கொண்டவர் என்றால், எல்-1 இடமாற்ற விசாவைக் கேட்டுப் பார்க்கலாம். எச்-1பி போல அதற்குக் குலுக்கல் இல்லை, ஆண்டு உச்சவரம்பும் இல்லை. அவர் எல்-1 விசாவில் போனால், படிக்க வேண்டியவர் எல்-2 விசாவில் போகலாம். எல்-2 விசாவில் இருக்கும் துணைவர் முழுநேரமாகப் படிக்கவும் செய்யலாம், வேலை பார்க்கவும் செய்யலாம். இருவருக்கும் வேலை இடைவெளி விழாது.

இதற்கும் விலை உண்டு. எல்-2 மாணவருக்கு எஃப்-1 மாணவருக்கு உள்ள ஓ.பி.டி. கிடையாது, அவருடைய வேலை உரிமை முழுவதும் எல்-1 காரரின் வேலையில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலாளர்களுக்கான எல்-1ஏ அதிகபட்சம் 7 ஆண்டு, தனித் திறன் கொண்டவர்களுக்கான எல்-1பி 5 ஆண்டு. நடுவில் எல்-1 காரருக்கு வேலை போனால் வேறு ஏற்பாடு செய்ய அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அப்போது படித்துக்கொண்டிருப்பவர் எஃப்-1க்கு மாற விண்ணப்பிக்க முடியும் என்பதால், எஃப்-1க்குத் தேவையான பணச் சான்றுகளை ஒரு கோப்பில் எப்போதும் தயாராக வைத்திருப்பது நல்லது. பிரிட்டனிலும் இதே உத்தி உண்டு. ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் போகிறவரின் துணைவர் வேலையும் பார்க்கலாம், படிக்கவும் செய்யலாம். 2025 ஜூலை 22 முதல் அந்த விசாவுக்கான பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு என்பதால், நிறுவனம் தரும் சம்பளக் கடிதத்தை முதலில் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடமாற்றப் பேச்சு முடிய ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். கல்லூரி விண்ணப்பத்துக்கு முன்பே மேலாளரிடம் பேச்சைத் தொடங்க வேண்டிய காரணம் அதுதான்.

மருத்துவர்களுக்கு வேறு கணக்கு. அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சிக்குப் போகிறவர்கள் எச்-1பி விசாவையே உயர்வாகப் பேசுவார்கள், ஜே-1 என்னும் பரிமாற்றப் பயிற்சி விசாவுக்கு முகம் சுளிப்பார்கள். ஜே-1 மருத்துவர் பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அல்லது மருத்துவர் குறைவாக உள்ள பகுதியில் 3 ஆண்டு பணியாற்றி விலக்கு பெற வேண்டும் என்பதுதான் காரணம். இந்தக் கட்டுப்பாடு ஜே-2 விசாவில் வரும் துணைவரையும் பிடிக்கும். ஆனால் ஜே-2 துணைவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எச்-4 துணைவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். துணைவர் மென்பொருள் துறையிலோ வங்கித் துறையிலோ இருந்தால், எல்லோரும் தாழ்வாகப் பேசும் விசாவே அந்தக் குடும்பத்துக்கு நல்லதாக அமையலாம்.

இருவருமே மருத்துவர்கள் என்றால், ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் என்.ஆர்.எம்.பி. அமைப்பின் 'கப்பிள்ஸ் மேட்ச்' முறை இருக்கிறது. இருவரும் தங்கள் விருப்பங்களைச் சோடி சோடியாக வரிசைப்படுத்துவார்கள். கணினி அந்த வரிசையில் மேலிருந்து இறங்கி, இருவருக்கும் ஒருசேர இடம் கிடைக்கும் முதல் சோடியில் நிற்கும். ஆளுக்கு 15 இடங்களில் நேர்காணல் முடித்திருந்தால் 225 சோடிகள் அமைக்கலாம்; 300 சோடிகள் வரை இட முடியும். தவறு எங்கே நடக்கிறது என்றால், ஒரே ஊரில் அமையும் 30, 40 சோடிகளை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குக் கீழே இரண்டு மூன்று மணி நேரத்தில் கார் போகும் தொலைவிலுள்ள சோடிகள், அதற்கும் கீழே தொலைவிலுள்ளவை, கடைசியில் 'ஒருவருக்கு இடம், மற்றவருக்கு இல்லை' என்ற சோடிகள் வர வேண்டும். இந்தக் கடைசிச் சோடிகளைப் போடுவதா வேண்டாமா என்பதைப் பட்டியல் மூடும் இரவில் விவாதிக்கக் கூடாது. அவற்றைப் போடாவிட்டால் இருவருக்குமே இடம் இல்லாமல் போகலாம்.

துணைவருக்கு வேலை அனுமதி கிடைப்பதும் அவர் தன் தொழிலைச் செய்வதும் ஒன்றல்ல. மென்பொருள், வடிவமைப்பு, தரவு ஆய்வு போன்றவை எல்லை தாண்டும். உரிமம் வேண்டிய தொழில்கள் தாண்டுவதில்லை. செவிலியருக்கு அமெரிக்காவில் என்கிளெக்ஸ் என்னும் தகுதித் தேர்வும் மாநில உரிமமும் வேண்டும். பிரிட்டனில் கணினித் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, நேரடிச் செய்முறைத் தேர்வு மூன்றும் வேண்டும். பி.டி.எஸ். முடித்த பல் மருத்துவர் அமெரிக்காவில் பணியாற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அங்கே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மறுபடி 2 முதல் 3 ஆண்டு படிக்க வேண்டியிருக்கும். ஆசிரியர், வழக்கறிஞர் கதையும் இதேதான். இத்தகைய தொழிலில் இருப்பவர், படிக்கப் போகிறவரின் விண்ணப்பம் தொடங்கும் அன்றே தன் உரிமத் தேர்வுக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பழைய கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியலை நேரடியாக அனுப்பவைப்பதற்கே மாதங்கள் ஓடிவிடும்.

பணக்கணக்குக்கு வருவோம். கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் எல்லோரும் போடுகிறார்கள். துணைவர் இழக்கும் சம்பளத்தை யாரும் போடுவதில்லை. மாதம் 1 லட்சம் ரூபாய் வாங்குகிறவர் 24 மாதம் வேலையில்லாமல் இருந்தால் 24 லட்சம் ரூபாய் நேரடி இழப்பு. அதோடு வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் போடும் பங்கு, இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு, திரும்பி வந்து வேலை தேடும் 4 மாதம் எல்லாம் சேரும். இந்தத் தொகையைக் கட்டணத்தோடு கூட்டிய பிறகு கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். பட்டியலின் வரிசையே மாறும். பாதி உதவித்தொகை தரும் இரண்டாம் நிலைக் கல்லூரி மேலே ஏறும். துணைவர் சம்பாதிக்கக்கூடிய நாடு மேலே ஏறும்.

வேலையை விடும் தேதியிலும் பணம் இருக்கிறது. பணிக்கொடைக்குப் பொதுவாக 5 ஆண்டு சேவை வேண்டும். வருங்கால வைப்பு நிதியை 5 ஆண்டு தொடர் சேவை முடியாமல் எடுத்தால் வரி விழும். 4 ஆண்டு 7 மாதம் முடித்தவர், படிக்கப் போகிறவரோடு ஒரே விமானத்தில் போக வேண்டும் என்பதற்காக ராஜினாமா செய்வது வீண் இழப்பு. ஐந்து மாதம் கழித்துப் போகலாம். ஊக்கத்தொகை வரும் மாதம், பதவி உயர்வுப் பட்டியல் வரும் மாதம், நிறுவனப் பங்குகள் கைக்கு வரும் தேதி, 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலம் ஆகியவற்றைச் சேர்க்கை நாட்காட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மத்திய அரசு ஊழியர் என்றால் ராஜினாமா பற்றி யோசிக்கும் முன் ஊதியமில்லாச் சிறப்பு விடுப்பு பற்றிக் கேட்க வேண்டும். எந்த விடுப்பும் தொடர்ந்து 5 ஆண்டைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

கல்விக் கடனில் திருமணமானவருக்குத் துணைவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடலாம். அந்தக் கையெழுத்து அவருடைய கடன் அறிக்கையிலும் ஏறும். அடுத்த இரண்டு ஆண்டில் வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கான தகுதித் தொகை குறையும் என்பதை அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். வரிச் சலுகையிலும் கவனம் தேவை. கல்விக் கடன் வட்டிக் கழிவை, சம்பாதிக்கும் துணைவர் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, கணவர் அல்லது மனைவியின் படிப்புக்காக என்றாலும் கோரலாம். கடன் படிப்பவர் பெயரில் மட்டும் இருந்தால், வருமானமே இல்லாதவர் பெயரில் அந்தச் சலுகை உறங்கிக் கிடக்கும். அசலுக்குக் கழிவு இல்லை, பழைய வரி முறையில் மட்டுமே உண்டு, வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து 8 ஆண்டுக்கு மேல் கிடையாது. உறவினரிடமும் நண்பரிடமும் வாங்கிய கடனுக்கு இது பொருந்தாது.

இருவருமே படிக்க விரும்பினால் கல்லூரியைத் தேடாமல் ஊரைத் தேடுங்கள். பாஸ்டன் வட்டாரத்தில் ஹார்வர்ட், எம்.ஐ.டி., பாஸ்டன் பல்கலைக்கழகம், டஃப்ட்ஸ், நார்த் ஈஸ்டர்ன் என ஒரு ரயில் தொலைவில் பல உண்டு; நியூயார்க், சிகாகோ, லண்டன், டொரண்டோவும் அப்படியே. ஒரே ஒரு நல்ல கல்லூரி மட்டும் இருக்கும் சிற்றூரில் ஒருவருக்கு இடம் கிடைத்து மற்றவருக்குக் கிடைக்காவிட்டால், அங்கே இரண்டாவது வாய்ப்பு இல்லை.

பிரிந்திருப்பதே சரியான முடிவாகும் சூழலும் உண்டு. பிரான்சின் இன்சியாட் மேலாண்மைக் கல்லூரியின் எம்.பி.ஏ. 10 மாதம். இந்தியாவிலேயே இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் எனப்படும் ஐ.எஸ்.பி.யின் முதன்மைப் படிப்பும், அனுபவம் உள்ளவர்களுக்காக அகமதாபாத், பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள் நடத்தும் படிப்புகளும் ஓராண்டுதான். துணைவர் வேலையில் இருந்தபடியே அந்த ஓராண்டைக் கடந்துவிடலாம். அல்லது ஹைதராபாத்துக்கோ பெங்களூருவுக்கோ நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றம் கேட்கலாம். ஐ.எஸ்.பி.க்கு ஹைதராபாத், மொஹாலி என இரண்டு வளாகங்கள் இருப்பதால், எந்த வளாகம் என்பது எழுத்தில் வரும்வரை இடமாற்றம் கேட்க வேண்டாம். 10 மாதப் படிப்பில் வகுப்பு மிக நெருக்கமாக இருக்கும், வார இறுதியும் மிஞ்சாது. ஆகவே வாரம் ஒருமுறை சந்திப்போம் என்று திட்டமிடாமல், பருவ இடைவேளைத் தேதிகளைப் பார்த்து, துணைவரின் விடுப்பை முன்கூட்டியே அந்த நாட்களுக்கு ஒதுக்கிவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

பட்டியல் போடும் முன் இருவரும் தனித்தனித் தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும் என்பது எங்கள் அனுபவத்தில் தேறிய முறை. எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் இருக்க முடியும்? எத்தனை மாதம் பிரிந்திருக்க முடியும்? எந்த ஊருக்கு, எந்த நாட்டுக்கு ஒருபோதும் வர முடியாது? ஒருவர் முன்னால் ஒருவர் பேசினால் 'பரவாயில்லை' என்ற பதில்தான் வரும். தாளில் 6 என்றும் 18 என்றும் எண் வந்தால், அந்த இடைவெளி முன்பணம் கட்டும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைத்துக்கொள்ளலாம் என்பதை நம்பி முன்பணம் கட்டவும் வேண்டாம். பல கல்லூரிகள் நோய், ராணுவப் பணி போன்ற சில காரணங்களுக்கே அதை ஏற்கும். துணைவரின் வேலை அந்தப் பட்டியலில் இராது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. உயர்கல்விப் பக்கத்தில் நாடுகளையோ கல்லூரிகளையோ ஒப்பிட்டு அட்டவணை வெளியிடும்போது நான்கு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். துணைவர் உடன் வரலாமா, வேலை பார்க்கலாமா, அதற்குப் படிப்பின் குறைந்தபட்ச நீளம் என்ன, படிப்பு முடிந்தபின் அவர் நிலை என்ன. ஐந்தாவதாக, அந்தத் தகவல் அரசு இணையதளத்தில் சரிபார்க்கப்பட்ட தேதியையும் அடியில் அச்சிடுங்கள். கனடா 2024 மார்ச்சில் ஒருமுறையும் 2025 ஜனவரியில் மறுமுறையும் இந்த விதியை மாற்றியது. பத்து மாதத்துக்கு முந்தைய அட்டவணையைக் கத்தரித்து வைத்திருந்தவர் அதை நம்பி 12 மாதப் படிப்புக்குப் பணம் கட்டியிருக்கக்கூடும்.

இப்படிக்கு,
மேற்படிப்பு விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் இருவர்